கட்டுத்தரைச் சுவர் ஏன் சரிந்தது?

வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்கு முதல் மலையின் படிகள் மறக்காது. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி ஒன்றை வாங்கி ஊன்றிக்கொண்டு புறப்படுகிறோம். ஏழு மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கும் உச்சிக்குப் போகவேண்டும். ஆனால் மூச்சு வாங்குவதும், "எதற்கு வந்தோம்?" என்று தோன்றுவதும் முதல் மலையிலேயே நடந்துவிடும். அப்படி நின்று நின்று ஏறுகிறபோது அந்தப் படிகளைச் சற்று உற்றுப் பார்த்ததுண்டா? பல இடங்களில் அவை கரடுமுரடான கற்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. எத்தனையோ மழைக்காலம் அவற்றின் மேலும் அடியிலும் வெள்ளமாக ஓடியிருக்கிறது. ஆண்டுதோறும் வனத்துறை வழி திறக்கும் மாதங்களில் எண்ணற்ற கால்கள் மிதித்துச் செல்கின்றன. கற்கள் அசையவில்லை.

ஒரு பங்குனி மாதம் நான் ஏறியபோது கூட வந்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. வயது அறுபதுக்கு மேல். அவர் ஒவ்வொரு படியையும் தடியால் தட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். நன்கு அமர்ந்த கல் 'டிண்' என்று ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொக்' என்று அடங்கிப்போகும். ஒரு திருப்பத்தில் நின்று, "ஏனுங்க, இந்தப் படிக்கு எங்கீங்க சிமிட்டி?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் சுட்டது. காரணம், சோமனூருக்கு அருகே எங்கள் தோட்டத்தில் அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு சுவர் சரிந்திருந்தது. அதற்குச் சிமெண்ட் பூசியவன் நான்.

கிணற்றில் விளைந்த சுவர்

கொங்கு நாட்டுக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம். கட்டுத்தரை என்றால் மாடு கட்டும் இடம். தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் கட்டுத்தரைக்கு மூன்று பக்கம் கற்சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே பனைச் சட்டத்தின்மேல் ஓடு. என் அப்புச்சி கிணறு வெட்டியபோது வெளியே வந்த கல்லைக் கொண்டே அதைக் கட்டினார். எங்கள் வட்டாரத்தில் பல பழைய கட்டடங்களின் கதை இதுதான். சில அடி மண்ணைத் தாண்டினால் பாறை. தண்ணீருக்காகப் பாறையை உடைத்தாகவேண்டும். உடைத்த கல்லை என்ன செய்வது? வீடும் வரப்பும் கட்டுத்தரையும் ஆயிற்று.

அந்தக் கல்லை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக இருக்கும். இதற்கு 'நைஸ்' என்று பெயர். பழம்பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறும்போது, அவற்றின் தாதுக்கள் அடுக்கடுக்காக ஒதுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் வரிகள். நீலகிரியின் பெரும்பகுதி இன்னொரு உருமாறிய பாறை, சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதுமை உடையது. (பெயர் எப்படி வந்தது தெரியுமா? கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருந்த கல், சென்னைப் பக்கத்துப் பாறையோடு ஒத்திருப்பதைக் கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலார் 1893-இல் இந்தப் பெயரை இட்டார். ஒரு பாறைக்குக் கல்லறையிலிருந்து பெயர் கிடைத்தது!)

நைஸ் கல் தன் வரியின் போக்கில் ஓரளவு எளிதாகப் பிளக்கும். உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் தட்டினால் பலகைபோலப் பெயர்ந்து வரும். வேலிக்கு நடும் கல்கால்கள் எல்லாம் அப்படி வந்தவையே.

கல்லுக்கு வலிமை போதாதா?

சுவர் விழுந்தது என்றவுடன், "பழைய சுவர், பாரம் தாங்கவில்லை" என்று சொல்லிவிடுவோம். இது சரிதானா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் சுவரின் உயரம் 8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர். கல்லும் மண்ணும் கலந்த சுவரில் ஒரு கன மீட்டரின் எடை ஏறத்தாழ 2,300 கிலோ. அப்படியானால் அடிவரிசைக் கல்லின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 2.4 × 2,300 = 5,520 கிலோ அழுத்துகிறது. பெரிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. உண்டு. வகுத்தால், ஒரு சதுர செ.மீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். கூரையின் பாரத்தைச் சேர்த்தாலும் ஒரு கிலோவைத் தொடாது. நல்ல கருங்கல் நொறுங்க ஒரு சதுர செ.மீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் வேண்டும்!

ஆக, கல் பாரத்தால் தோற்கவில்லை. கற்சுவர்கள் பெரும்பாலும் நொறுங்கி விழுவதில்லை. வயிறு தள்ளி விழுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுவருக்குள் போவோம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். உண்மையில் அவை இரண்டு. வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல். இடையில் சில்லுக் கல்லும் மண் சாந்தும். இரு முகங்களையும் சேர்த்துப் பிடிப்பதற்காக, சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கற்களை ஆங்காங்கே குறுக்கே வைப்பார்கள். இவை இல்லாவிட்டால் இரு முகங்களும் ஒட்டாத இரண்டு சீட்டுக்கட்டுகளைப் போல நிற்கும்.

இடையில் இருக்கும் மண் சாந்து எதனால் பிடிக்கிறது? நொய்யல் மணலில் குழந்தைகள் வீடு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலில் வீடு நிற்காது. ஈர மணலில் நிற்கும். தண்ணீர் அதிகமானால் கரைந்து உட்கார்ந்துவிடும். துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறது. துளைகள் எல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் அந்த இழுவிசை மறைகிறது. களிமண் கலந்த சாந்திலும் இதுவே நிகழ்கிறது. ஓரளவு காய்ந்திருக்கும்வரை கெட்டி, ஊறினால் கூழ். எனவே மண் சாந்துச் சுவரின் ஆயுள், உள்ளே போகும் நீர் எவ்வளவு விரைவில் வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது.

நீர் ஏறும் வழி

நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்துளைகளில் நீர் ஏறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் 15 மி.மீ. ஏறும். ஆரம் நூறில் ஒரு பங்கானால் ஏற்றம் நூறு மடங்காகி 1.5 மீட்டரை எட்டும். இது ஏட்டுக் கணக்கு. மெய்யான சுவரில் அவ்வளவு ஏறாததற்குக் காரணம், ஏறுகிற நீர் வழியிலேயே காற்றில் ஆவியாகிவிடுவதுதான்.

எங்கே ஆவியாகிறது? கருங்கல் தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூடக் குடிப்பதில்லை. ஆகவே கல்லின் வழியாக அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மண் அல்லது சுண்ணாம்பு இணைப்பின் வழியாகவே ஆவி வெளியேறுகிறது. கற்சுவர் மூச்சு விடுவது இணைப்புகளால்தான்.

நான் செய்தது என்ன? சுவர் அழகாக இருக்கட்டும் என்று, உள்ளும் புறமும் முக்கால் அங்குலத்துக்குச் சிமெண்ட் பூசினேன். அது போதாதென்று சுற்றிலும் சிமெண்ட் தளம் வேறு. மூச்சு விடும் வாயை அடைத்தாயிற்று. ஆவியாக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறியது.

சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே விடாதே என்று நீங்கள் கேட்கலாம். விரிசல் விடாதவரை விடாது. ஆனால் மேற்குச் சுவர் 30 அடி நீளம். சித்திரை வெயிலில் கல் 30 டிகிரி சூடேறி இறங்கினால், அந்த நீளத்தில் சுமார் 2 மி.மீ. நீண்டு சுருங்கும். மண்ணும் சுண்ணாம்பும் அதற்கு இணங்கிக் கொடுக்கும். சிமெண்ட் இணங்காது, மயிரிழை விரிசல்களாக வெடிக்கும். அந்த விரிசல்கள் மழை நீரை உறிஞ்சி உள்ளே விடும். வெளியேறும் வாயில் சிறியது, நுழையும் வாயில் பல. நான்கு மழைக்காலம் தாங்கியது. ஐந்தாவது ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது, குறுக்குக்கல் இல்லாத ஒரு பகுதி வயிறு தள்ளி, இரவில் சரிந்தது. உள்ளே கட்டியிருந்த கன்று ஒன்றின் காலில் கல் விழுந்தது. கன்று பிழைத்தது. நொண்டல் மட்டும் போகவில்லை.

கட்டுத்தரைக்கே உரிய நோய்

இன்னொரு தீங்கும் இருந்தது. பழைய கட்டுத்தரைச் சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். "சுவர் பொரிகிறது" என்போம். மாட்டின் கோமியத்தில் உள்ள யூரியாவை மண்ணிலுள்ள பாக்டீரியங்கள் முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறுகிறது. முற்காலத்தில் மாடு கட்டிய மண்ணை அள்ளி, நீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். துப்பாக்கி மருந்துக்கு அது வேண்டியிருந்தது. வட இந்தியாவில், சிறப்பாகப் பீகாரில், அது பெரிய வாணிகமாகவே நடந்தது.

உப்புக் கரைசல் சுவரின் மேற்பரப்புவரை வந்து ஆவியானால், உப்பு வெளியே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பூச்சு தடுத்து, உள்ளேயே ஆவியானால், உப்புப் படிகங்கள் துளைக்குள் வளரும். வளரும் படிகம் தன்னைச் சுற்றியுள்ளதை நெருக்கித் தள்ளும். எங்கள் சுவரில் சிமெண்ட் பூச்சை உரித்தபோது, அதன் பின்புறம் இருந்த மண் சாந்து கையில் மாவாக உதிர்ந்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாட்டுச் செங்கல் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பக்கங்களில் பாதி உயரத்துக்கு மெழுகு பூசுங்கள். இரண்டையும் ஒரு தட்டில் உப்புநீரில் நிற்கவைத்து, நீர் குறையக் குறைய ஊற்றி வாருங்கள். மெழுகு பூசாததில் உப்பு எங்கே பூக்கிறது, மெழுகு பூசியதில் எங்கே பூக்கிறது என்று இரண்டு வாரம் கழித்து அளந்து குறியுங்கள்.

சுண்ணாம்பு கல்லாகும் கதை

சுவர் சரிந்ததும் மச்சான் சொன்னது, "இடிச்சுத் தள்ளிட்டு ஹாலோ பிளாக்கு வெச்சுத் தறிக்குடோன் போட்டுரலாங்க மாப்பிள்ளை" என்பது. சோமனூர் வட்டாரத்தில் அது நியாயமான பேச்சுதான். இங்கே மாட்டைவிடத் தறி அதிகம். பழைய சுவரை அப்படியே வைத்து உள்ளே தறி போடலாமா என்றும் யோசித்தோம். மேஸ்திரி மறுத்துவிட்டார். விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். அந்த அதிர்வு தரை வழியே சுவருக்கு ஏறி, ஊறிய மண் சாந்தை மேலும் நெகிழ்த்திவிடும். தறி வேறு இடத்துக்குப் போனது. கட்டுத்தரையைப் பழைய முறையிலேயே சீராக்குவது என்று முடிவாயிற்று. எங்கள் அம்மாயி வேறு எதற்கும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பழைய முறை என்றால் சுண்ணாம்பு. அதன் வேதியியல் அழகானது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடுக்குச் சுட்டால், 100 கிலோ தூய கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதை நீரில் இட்டால் கொதித்து நீறி, 18 கிலோ நீரைச் சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தபின், அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொண்டு, நீரை விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிலோ கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். கல்லாகத் தொடங்கிக் கல்லாகவே முடிகிறது. ஆனால் அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல. சுவரின் உட்புறம்வரை இறுக ஆண்டுகள் ஆகும். சிறு விரிசல் விட்டால், மழை நீரில் கரைந்த சுண்ணாம்பு விரிசலில் படிந்து தானே அடைபடுவதும் உண்டு.

எங்கள் பக்கத்து மண்ணைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக முடிச்சுக் கற்கள் கிடைக்கும். இதுவே சுக்கான் கல். மழை நீர் பாறைத் தாதுக்களிலிருந்து கால்சியத்தைக் கரைத்து மண்ணுக்குள் இறக்குகிறது. வறண்ட மாதங்களில் நீர் ஆவியாகும்போது அது கார்பனேட்டாகப் படிந்து முடிச்சாகிறது. மழை அதிகமான ஊர்களில் இது அடித்துப் போய்விடும். கொங்கு நாடு மலைகளின் மழை மறைவில் இருப்பதால் இங்கே தங்கியது. ஒரு சுக்கான் கல்லில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள், நுரைக்கும். வெளிவருவது கரியமில வாயு.

சுக்கான் கல்லில் களிமண் கலந்திருப்பது ஒரு குறை எனத் தோன்றும். உண்மையில் அதுவே அதன் சிறப்பு. சுடும்போது களியும் சுண்ணாம்பும் கூடி, நீருக்கடியிலும் இறுகும் சேர்மங்கள் உண்டாகின்றன. இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1750-களில் கடல் நடுவே எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட முனைந்தபோது, களி கலந்த சுண்ணாம்பே நீரில் இறுகுகிறது என்பதைச் சோதனை செய்து கண்டார். அந்த வழியில் போய்த்தான் 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். எங்கள் மாவட்டத்து மதுக்கரையில் 1930-களில் சிமெண்ட் ஆலை எழுந்ததற்கும் அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல்லே காரணம்.

சுக்கான் கல் சுடும் காளவாய் இப்போது எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. சாதாரணச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி, அதில் நன்கு வெந்த செங்கல் பொடியைச் சேர்த்தோம். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சுக்கான் கல் தரும் பலனில் ஒரு பகுதியைத் தருகின்றன. இதுதான் சுர்க்கி. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டே கட்டப்பட்டது. கொஞ்சம் கடுக்காய் ஊறல் நீரும் பனைவெல்லக் கரைசலும் சேர்த்தார் மேஸ்திரி. சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டி, சாந்தைப் பதமாக வைக்கும். சிமெண்டில் வெல்லம் விழுந்தால் அது சரியாக இறுகாமல் கெடும் என்பது நினைவிருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. சுண்ணாம்பு நீற்றும்போது நீர் கொதிநிலையைத் தொடும்; தெறித்தால் கண் போய்விடும். சுண்ணாம்புக் குவியலில் நீரைக் கொட்டாமல், நிறைய நீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இடவேண்டும். சிறுவர்கள் அருகே போகக்கூடாது. கண்ணாடி அணியாமல் பெரியவர்களும் போகக்கூடாது.

மறுபடி அடுக்கியது

தை பிறந்ததும் வேலை தொடங்கினோம். மழையிலும் சுண்ணாம்பு வேலை ஆகாது, சித்திரை வெயிலிலும் ஆகாது; சாந்து ஈரத்தோடு இருந்தால்தான் கரியமில வாயுவை ஏற்கும். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வயிறு தள்ளியிருந்த மற்றப் பகுதிகளையும் பிரித்தோம். ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்பால் எண் போட்டு, எந்த முகம் வெளியே இருந்ததோ அது தெரியும்படி தரையில் பரப்பினோம். அஸ்திவாரம் நன்றாகவே இருந்தது. அப்புச்சி பாறைவரை போயிருந்தார்.

அடுக்கும்போது மேஸ்திரி மூன்றே விதிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்லின் வரி படுக்கையாக இருக்கவேண்டும். மேல் கல், கீழே உள்ள இரண்டு கற்களின் இணைப்பின்மேல் உட்காரவேண்டும். சாந்து வைக்கும் முன்பே கல் ஆடாமல் நிற்கவேண்டும். மலைப்படிகளில் அவர் தட்டிக் கேட்டது இந்த மூன்றாவதைத்தான். ஆடும் கல்லைச் சாந்தால் நிறுத்தலாம் என்று நினைப்பவர் அவரிடம் வேலை செய்ய முடியாது. மூன்றடிக்கு ஒரு குறுக்குக்கல் வைத்தோம். நீளமான கல் போதவில்லை. உடைந்த கல்கால்கள் கைகொடுத்தன.

சுவருக்குள் பழைய மண் சாந்தேதான், உப்பேறிய அடிப்பகுதி மண்ணை மட்டும் நீக்கிவிட்டு. வெளி இணைப்புகளில் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல். சாக்கு நனைத்துப் போட்டு மூன்று வாரம் காத்தோம். சுற்றியிருந்த சிமெண்ட் தளத்தை உடைத்து, சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக மண்ணை ஒதுக்கி, சரளைக்கல் வாய்க்கால் வெட்டினோம். உள்ளே பலகைக்கல் தரை. கோமியம் சுவர்ப்பக்கம் போகாமல் நடுவாய்க்காலில் வடிந்து குப்பைக் குழிக்குப் போகிறது. கூரையின் தாழ்வாரத்தை இரண்டு அடி வெளியே நீட்டினோம். செலவில் பாதி கூரைக்கே ஆயிற்று. ஆடிக்காற்று எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது. ஓட்டை லேசில் விடாது.

சிமெண்டின்மேல் பழிபோட இதை எழுதவில்லை. அதே தோட்டத்துத் தொட்டி சிமெண்டில் கட்டியது. அதை மண்ணால் கட்டச் சொன்னால் நானே சிரிப்பேன். கற்சுவரும் மண்ணும் சேர்ந்து வேலைசெய்யும் முறை தெரியாமல் அதன்மேல் பூசியதுதான் பிழை.

ஒன்றரை அடிச் சுவரின் வெளிமுகத்தில் பிற்பகலில் ஏறும் சூடு உள்முகத்துக்கு வந்து சேர எட்டு, பத்து மணி நேரம் ஆகிறது. அதனால் மாடுகளுக்கு நண்பகலில் குளிர்ச்சி; பின்னிரவில் இளஞ்சூடு. சென்ற ஐப்பசியில் ஈரத்தின் கோடு தரையிலிருந்து ஓர் அடி ஏறி நின்றது. தை மாதத்தில் மறைந்துவிட்டது. கரிக்கட்டியால் அதற்கு நேரே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மழையில் ஒப்பிட்டுப் பார்க்க. மீந்த சுண்ணாம்பைக் குழியில் நீருக்கடியில் மூடி வைத்தோம். காற்றுப் படாதவரை அது இறுகாது. நாளாக ஆகப் பதம் கூடும். வடக்குச் சுவரில் இரண்டு கற்கள் தட்டினால் 'டொக்' என்கின்றன. அந்தச் சுண்ணாம்பு அவற்றுக்கு.